விஜயமங்கலம் நெட்டைக் கோபுரம்: போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களை விஜயமங்கலத்துச் சமணக் கோயிலுக்குக் கூட்டிப் போவது என் வழக்கம். போகும் வழியில் காரிலும், தூண் முன்னால் நிற்கும்போதும், திரும்பி வந்து சாப்பிட உட்காரும்போதும் அதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே தந்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் ஒரே ஒரு அம்மாளைப் பற்றியவை. அது நல்லதுதான். அந்தக் கோயிலில் நான் அதிக நேரம் நிற்பதும் அவர் முன்னால்தான்.

ஏனுங்க, விஜயமங்கலத்துல டோல்கேட்டைத் தவிர பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது?

கொங்கு நாட்டின் பழைய சமண ஊர்களில் முக்கியமான ஒன்று இருக்கிறது. அதன் கோயில், சமணர் வணங்கும் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களில் எட்டாமவரான சந்திரப்பிரபருக்கு உரியது. ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'நெட்டைக் கோபுரம்' என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள். ஊரின் அந்தப் பகுதிக்குப் பஸ்திபுரம் என்ற பழைய பெயரும் உண்டு. பஸ்தி, வசதி இரண்டும் சமணக் கோயிலைக் குறிக்கும் சொற்கள். கன்னட நாட்டில் இன்றைக்கும் பசதி என்றுதான் சொல்கிறார்கள்.

உயரமான கோபுரம், தூண் மண்டபங்கள், ஆதிநாதர் கதை சொல்லும் சிறு சிற்பங்கள், நோன்பிருந்து இங்கே உயிர் விட்ட புலியப்பை என்ற பெண்ணின் நினைவுத் தூண். இவ்வளவும் பெருஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கின்றன.

எப்படிப் போறதுங்க? பஸ் போகுமா?

விஜயமங்கலம் கோவை–சேலம் பெருஞ்சாலையில், பெருந்துறைக்கு மேற்கே இருக்கிறது. ஈரோடு, திருப்பூர் இரண்டு பக்கமிருந்தும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊர் பெயரில் ரயில் நிலையமும் உண்டு, பாசஞ்சர் வண்டிகள் நிற்கும். கோயில் மேட்டுப்புதூர் பக்கம் இருக்கிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்கள் கடைசித் தூரத்துக்கு ஆட்டோ பிடிப்பது சுலபம்.

காலையில் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த சிற்பம் தெரியும். உச்சி வெயிலில் கல் தட்டையாகத் தெரியும், காலும் சுடும். கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கொஞ்சம் காத்திருங்கள். அவசரமாகப் போய்த் திரும்புகிற இடம் இல்லை இது.

நாகேஸ்வரர் கோயிலும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லைங்க, வேறு வேறு. விஜயமங்கலத்தில் நாகேஸ்வரர் கோயில் இருக்கிறது, கரிவரதராஜப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. சிவன், பெருமாள், சமணர் என்று மூன்று பழைய கோயில்கள் ஒரே ஊரில் இருப்பதே பெரிய விஷயம். நேரம் இருந்தால் மூன்றையும் பாருங்கள். ஆனால் கூகுள் மேப்பில் 'விஜயமங்கலம் கோயில்' என்று மட்டும் போட்டால் நாகேஸ்வரரிடம் கொண்டுபோய் விட்டாலும் விடும். 'சமணக் கோயில்' என்று சேர்த்துத் தேடுங்கள்.

உள்ளே உட்கார்ந்திருக்கறது புத்தர்தானுங்களே?

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதைக் கேட்கிறார்கள். தியானத்தில் அமர்ந்த உருவம் எதைப் பார்த்தாலும் புத்தர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. புத்தருக்குத் தோளில் சீவரம் என்ற துறவாடையின் விளிம்பு தெரியும், உச்சியில் கொண்டை போல ஒரு புடைப்பு இருக்கும், கைகள் பல முத்திரைகளில் இருக்கும். தீர்த்தங்கரருக்கு ஆடை கிடையாது. உட்கார்ந்திருந்தால் இரண்டு கைகளும் மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நின்றிருந்தால் கைகள் முழங்கால் பக்கம் நேராகத் தொங்கும். தலைக்கு மேல் முக்குடை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் இருக்கும்.

இருபத்து நால்வரில் எவர் என்று அறிய, பீடத்தில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். பிறை இருந்தால் சந்திரப்பிரபர். காளை என்றால் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர். சங்கு நேமிநாதருக்கு, சிங்கம் மகாவீரருக்கு. பார்சுவநாதரைத் தலைக்கு மேல் படமெடுத்த பாம்பை வைத்தே சொல்லிவிடலாம். இந்த ஐந்தும் மனதில் இருந்தால் தமிழ்நாட்டில் எந்தச் சமணக் கோயிலுக்குப் போனாலும் வழிகாட்டி தேவைப்படாது.

துணி இல்லாத சிலைங்கறாங்க. வயசுக்கு வந்த புள்ளைகளைக் கூட்டிட்டுப் போலாமுங்களா?

தாராளமாக. திகம்பரர் என்றால் திசையையே ஆடையாக உடுத்தவர் என்று பொருள். வீடு, நாடு, நகை என்று எல்லாவற்றையும் விட்டவர் கடைசியில் துணியையும் விட்டார் என்பதைத்தான் அந்தச் சிலை சொல்கிறது. என் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் இதைச் சொன்னபோது, "அப்ப மழைல என்ன பண்ணுவாங்க சித்தப்பா?" என்று மட்டும்தான் கேட்டாள். கூச்சம் எல்லாம் பெரியவர்களுக்குத்தான் வருகிறது.

கோயில்ல கட்டட அழகுன்னு எதைப் பார்க்கணும்? எனக்கு எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான் தெரியுது.

முதலில் வெளியே நின்று கோபுரத்தைப் பாருங்கள். கீழ்ப்பகுதி கல், மேலே அடுக்கடுக்காகச் செங்கல்லும் சுதையும். தமிழ்நாட்டில் நாம் பார்க்கிற மற்றக் கோபுரங்களும் இப்படித்தான். அதனால்தான் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் இதைச் சிவன் கோயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டடக் கலைக்கு மதம் பார்த்துத் தனித் தச்சர்கள் இருந்ததில்லை. ஒரே மரபில் வந்த கைகள்தான் எல்லாருக்கும் கட்டிக் கொடுத்தன. உள்ளே இருப்பவர் யார், சுவரில் சொல்லும் கதை எது என்பதில்தான் வேறுபாடு.

அப்புறம் உள்ளே போகும்போது மெதுவாக நடங்கள். மண்டபம் மண்டபமாகக் கடந்து கருவறையை நெருங்க நெருங்க வெளிச்சம் குறைந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். இது ஒரே காலத்தில் கட்டி முடித்த கோயில் இல்லை. பல தலைமுறையினர் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. கோபுரம் பிற்காலத்தது. ஆகவே 'இது எந்த நூற்றாண்டு?' என்று மொத்தமாகக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. தூணைக் காட்டிக் கேளுங்கள், கோபுரத்தைக் காட்டித் தனியாகக் கேளுங்கள்.

மண்டபத்தின் மேல்பகுதியைத் தலை நிமிர்ந்து பாருங்கள். ஆதிநாதரின் வாழ்க்கை அங்கே சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாகப் போகிறது. கதை தெரிந்திருந்தால் பார்ப்பது இன்னும் சுகம். ஆதிநாதர் முதலில் அரசர். ஒருநாள் அவர் சபையில் நீலாஞ்சனை என்ற தேவமங்கை ஆடிக்கொண்டிருக்கிறாள். ஆட்டத்தின் நடுவிலேயே அவள் ஆயுள் முடிந்துவிடுகிறது. சபை கலையக் கூடாது என்று இந்திரன் அதே நொடியில் அவளைப் போலவே இன்னொருத்தியை நிறுத்துகிறான். மற்ற யாருக்கும் தெரியவில்லை, ஆதிநாதர் மட்டும் கவனித்துவிட்டார். அந்த இடத்தில்தான் அவருக்கு வாழ்க்கை கசந்தது, துறவு பூண்டார். கரு, பிறப்பு, துறவு, ஞானம், வீடுபேறு என்ற ஐந்தையும் சமணர் பஞ்ச கல்யாணம் என்பார்கள். கல்யாணம் என்றால் இங்கே மங்கல நிகழ்ச்சி.

புலியப்பை தூண்னு சொல்றீங்களே, அவங்க புலியோட சண்டை போட்டவங்களா?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. நம் பக்கம் புலிகுத்திக் கற்கள் அதிகம். பட்டிக்குள் புகுந்த புலியை எதிர்த்து மாண்டவனுக்கு, அவன் புலியைக் குத்துவதாகவே செதுக்கி நட்ட கல் அது. புலியப்பை தூண் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. பெயரின் கடைசியில் இருக்கும் 'அப்பை', கன்னட நாட்டுப் பெண்களின் பெயரில் அந்தக் காலத்தில் மரியாதையாகச் சேர்ந்து வரும் 'அப்பெ'.

கல்வெட்டு சுருக்கமானது. இவர் சாமுண்டராயரின் தங்கை, இது இவருடைய நிசிதிகை (நினைவுச் சின்னம்) என்கிறது. சாமுண்டராயர் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தலைக்காட்டைத் தலைநகராகக் கொண்ட கங்க அரசர்கள் இரண்டாம் மாரசிம்மன், நான்காம் ராசமல்லன் ஆகியோரிடம் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்தவர். சிரவணபெளகொளாவில் ஒரே பாறையில் ஏறக்குறைய 57 அடி உயரத்தில் நிற்கும் கோமடேசுவரரைச் செய்வித்தவரும் அவரே. அது 981-ஐ ஒட்டிய காலம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மகா அபிஷேகத்துக்கு உலகமே அங்கே கூடுகிறது, கடைசியாக 2018-இல் நடந்தது. அண்ணன் எழுப்பிய மலைச்சிலையை எல்லாருக்கும் தெரிகிறது. தங்கையின் நினைவு நம் ஊர் மண்டபத் தூண் ஒன்றில் ஆளரவமில்லாமல் இருக்கிறது. சிரவணபெளகொளா போய் வந்தவர்களை நான் கட்டாயப்படுத்தி இங்கே கூட்டி வருவேன்.

அப்படீன்னா அது சமாதியா? கோயிலுக்குள்ள யாராச்சும் பொதைப்பாங்களா?

புதைக்கவில்லை. சமணர்கள் இறந்தவர்களை எரிப்பவர்கள். தூணுக்குக் கீழே உடலும் இல்லை, எலும்பும் இல்லை. நிசிதிகை என்பது, உணவைப் படிப்படியாக விட்டு இறக்கும் சல்லேகனை நோன்பிருந்து உயிர் நீத்தவருக்கு எடுக்கும் நினைவுச் சின்னம். பாறையில் வெட்டிய எழுத்தாக இருக்கலாம், தனிக் கல்லாக இருக்கலாம், இங்கே போலத் தூணாகவும் இருக்கலாம்.

சொல் தமிழுக்குப் புதிதில்லை. செஞ்சி பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. அங்கே 57 நாள் உண்ணாமல் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்று வட்டெழுத்தில் மிகப் பழைய கல்வெட்டு உண்டு. அதே பாறையில் 30 நாள் நோற்ற இன்னொருவரின் நிசீதிகையும் இருக்கிறது. எத்தனை நாள் என்று எண்ணி எழுதி வைத்தவர்கள் அவர்கள். சிரவணபெளகொளாவின் சந்திரகிரி மலையிலும் இப்படிப் பல உண்டு. மேலே சொன்ன மாரசிம்மனே அரசை விட்டு விலகி, பங்காபுரத்தில் சமணக் குரு அஜிதசேனர் முன்னிலையில் நோன்பிருந்துதான் இறந்தான். அவனுக்கான நினைவுக் கல்வெட்டு சந்திரகிரியில் ஒரு தூணில் இருக்கிறது. ஆக, புலியப்பை தனியாக ஏதோ செய்துவிடவில்லை. அண்ணன் பணிபுரிந்த அரசனே போன வழி அது.

பட்டினி கெடந்து சாகறது தற்கொலைதானுங்களே? அதைப் போயி கும்பிடறதா?

இந்தக் கேள்வியைக் கோபமாகவே கேட்டவர்கள் உண்டு. சமணர் சொல்லும் பதில் இது: தற்கொலை என்பது ஆத்திரத்திலோ துக்கத்திலோ சட்டென்று செய்வது, ஒளித்துச் செய்வது. சல்லேகனை முதுமையிலோ தீராத நோயிலோ, உடல் இனி அறத்துக்கு உதவாது என்ற நிலையில், குருவிடம் கேட்டு, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லாரும் பார்க்க எடுப்பது. திட உணவைக் குறைத்து, பிறகு பால், பிறகு நீர் என்று படிப்படியாக விடுவார்கள். சாக வேண்டும் என்று ஆசைப்படுவதும் அந்த நோன்பில் குற்றம்தான்.

நம் காலத்திலும் வழக்கு ஓய்ந்துவிடவில்லை. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக்குச் சமம் என்று சொல்லித் தடை செய்தது. அதே மாதத்தின் கடைசி நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், நான் இந்த நோன்பை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண் பயமில்லாமல் உட்கார்ந்திருந்த இடத்தில் நிற்கும்போது கை தானாகக் கூப்புகிறது. கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் விருப்பம்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தானே, அதேதானா இது?

வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விடுவதுதான் வடக்கிருத்தல். வெளித்தோற்றம் ஒன்று, உள்காரணம் வேறு. கோப்பெருஞ்சோழன் தான் பெற்ற மகன்களோடு வந்த பகையால் வடக்கிருந்தான். பிசிராந்தையார் நட்பால் உடன் அமர்ந்தார். சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். மானம், நட்பு என்று உலகத்தோடு ஒட்டிய காரணங்கள் அவை. சல்லேகனையில் பற்றே கூடாது, மானத்தின் மேல் உள்ள பற்றும்தான். சாப்பாட்டை விட்டு அமைதியாக அமர்ந்து இறப்பதை மதிக்கும் மனம் தமிழ் மண்ணில் முன்பே இருந்தது, அதனால் இந்த நோன்பு இங்கே அந்நியமாகத் தெரிந்திருக்காது என்பது என் கருத்து.

அவ்வளவு பெரிய வீட்டுப் பொண்ணு கர்நாடகாவை விட்டுப்போட்டு இங்க எதுக்குங்க வந்தாங்க?

அன்றைக்கு அது 'விட்டுவிட்டு வருகிற' தூரம் இல்லை. கங்கர்களின் தலைக்காடு காவிரிக் கரையில், மைசூர்ப் பக்கம். அங்கிருந்து மலையிறங்கினால் சத்தியமங்கலம், அதற்கடுத்து இந்த ஊர்கள்தான். திம்பம் வழியாக மைசூர் போகிறவர்களுக்கு நான் சொல்வது நன்றாகப் புரியும். மாநில எல்லைக்கோடு நாம் நேற்றுப் போட்டது. சோழர்கள் கங்க நாட்டைப் பிடிக்கும் முன் கொங்கின் மேல் கங்கர் செல்வாக்கு இருந்தது.

இன்னொன்று, விஜயமங்கலம் தனி ஊராக இருக்கவில்லை. சீனாபுரத்திலும் வெள்ளோட்டிலும் ஆதிநாதர், திங்களூரில் புஷ்பதந்தர், பூந்துறையில் பார்சுவநாதர் என்று சுற்றுவட்டாரத்தில் சமணக் கோயில்கள் நெருக்கமாக இருந்தன. நோன்பிருக்க நினைப்பவருக்கு வேண்டிய குருவும் துணையும் கிடைக்கிற இடம் இது. பெண் என்பதும் தடையாக இருந்திருக்காது. கழுகுமலைக் கல்வெட்டுகளைப் படித்தால், சமணத்தில் குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள் மாணவர்களோடு இருந்தது தெரியும்.

அஞ்சு புலவருங்க சிலை இருக்குதுங்கறாங்களே, நெசமா?

ஐந்து உருவங்களைப் புலவர்கள் என்று சொல்வது ஊர் வழக்கு. அவர்களில் ஒருவர் பெருங்கதை என்ற காப்பியம் பாடிய கொங்குவேளிர் என்பார்கள். அவர் சமணர், கொங்கு நாட்டவர். விஜயமங்கலத்துக்காரர் என்று கொங்குமண்டல சதகம் சொல்கிறது. ஏட்டில் கிடந்த பெருங்கதையை உ.வே.சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தார். முதலும் முடிவும் கிடைக்காமலேதான் அது நமக்கு வந்து சேர்ந்தது.

எழுத்து ஒண்ணுமே தெரியலீங்க. மாவு தடவிப் பார்க்கலாமா? சாக்பீஸ்?

தயவுசெய்து கூடாது. மாவுக்கு எறும்பு வரும், சாக்பீஸ் குழிக்குள் இறங்கிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை நான் போனபோது வேறொரு பழைய கோயிலில் யாரோ எழுத்தின் மேல் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அடித்தவர் தப்பாகப் படித்திருக்கிறார், இனி வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தப்பையே படிப்பார்கள்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. போன் டார்ச்சை நேராக அடிக்காமல், தூணின் பக்கவாட்டில் கல்லை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். வெளிச்சம் சரிந்து விழும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் கிடைத்து எழுத்து எழும்பி வரும். காலையில் போகச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டால் வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம்.

அந்த அம்மாவுக்கு எண்ணெய் ஊத்தி, பொட்டு வெச்சு, ஒரு சேலை சாத்தலாமுங்களா? மனசு கேக்கல.

என் பெரியம்மா கேட்டது இது. அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணெய் கல்லில் இறங்கினால் தூசியைப் பிடித்துக் கெட்டியாகிவிடும், ஆண்டுகள் போனால் முகமே மறைந்துவிடும். குங்குமமும் அப்படித்தான். எல்லாவற்றையும் விட்டுப் போன ஒருவருக்குச் சேலை சாத்துவது பொருந்தாது என்று சொன்னேன், பெரியம்மா ஒத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார். செருப்பையும் தோல் பொருளையும் வெளியே விடுங்கள், சாப்பாட்டை உள்ளே கொண்டு போகாதீர்கள். இது பாதுகாக்கப்பட்ட சின்னம், பணியில் இருப்பவர் ஏதாவது சொன்னால் கேட்டு நடங்கள்.

இத்தனை கோயில் இருந்துதுன்னா, அந்தச் சனமெல்லாம் எங்க போச்சு?

தமிழ்ச் சமணர்கள் மறைந்து போகவில்லை. நயினார் என்று அழைக்கப்படும் அவர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. தாய்மொழி தமிழ், தொழில் பெரும்பாலும் விவசாயம். நகரத்தில் கடை வைத்திருக்கும் வடநாட்டுச் சமணர்களோடு அவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொங்கில் நிலை வேறு. சைவமும் வைணவமும் வலுத்து, அரசர் ஆதரவு அந்தப் பக்கம் போனபின் இங்கே சமணம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. சண்டையில் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. பல குடும்பங்கள் அக்கம்பக்கத்தோடு கலந்திருக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் பழைய வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு, இரவில் உண்ணாத சமணர் ஞாபகம்தான் வரும்.

ஒரு நாள் லீவு இருக்குது. இதோட சேர்த்து வேற எதைப் பார்க்கலாம்?

சென்னிமலை வழியாக அரச்சலூர் போங்கள். அங்கே நாகமலையில் ஆண்டிப்பாறை என்ற குகைத்தளம் இருக்கிறது, துறவிகளுக்கு வெட்டிய கல் படுக்கைகளோடு. அங்கேதான் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 'த, தை, தா' என்று ஐந்து வரியில் ஐந்தைந்து எழுத்தாகக் கட்டம் போட்டாற்போல வெட்டியிருக்கிறார்கள், இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் ஒன்றுதான். அந்த எழுத்துகளைச் சேர்த்தவர் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் காசையும் சோதித்துப் பார்ப்பவர்.

வரிசை முக்கியம். காலை வெளிச்சம் விஜயமங்கலத்துக்கு வேண்டும் என்பதால் முதலில் அங்கே. மத்தியானச் சாப்பாட்டைச் சென்னிமலையில் முடித்துக்கொண்டு, வெயில் தாழ நாலு மணிக்கு நாகமலை ஏறுங்கள். பாதை சரளையும் முள்ளுமாக இருக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.